லாரிக்கு அடியில் ஒரு மஞ்சள் புள்ளி: கடலூரிலிருந்து சிதம்பரம் வரை

சிதம்பரத்துக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் பிச்சாவரத்தில் படகு ஏறுவார்கள். போன சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் போனது லாரிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதற்கு. சிரிக்காதீர்கள். சொந்தமாக லாரி வாங்கப் போகிற எல்லோரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. கோயில் நடையைப் பற்றியும் கொத்சைப் பற்றியும் நடுவில் சொல்கிறேன், பயப்படாதீர்கள்.

காரணம் என் மச்சான் பிரான்சிஸ், அதாவது என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன். பத்தொன்பது வருஷமாக அடுத்தவர்கள் லாரியை ஓட்டுகிறவர். சிப்காட்டில் பேரல் ஏற்றிக்கொண்டு திட்டக்குடி, சேலம், தூத்துக்குடி என்று சுற்றி, இடுப்பு ஒரு வழியாகிவிட்டது. இந்த வருஷம்தான் முதல்முறையாகச் சொந்த வண்டி வாங்கத் துணிந்தார். அவர் மனதுக்குப் பிடித்தது ஒரு வெளிநாட்டு பிராண்டு வண்டி. சீட்டில் உட்கார்ந்து இறங்கியவர், "மச்சான், இதுல உக்காந்தா முதுகு நம்மள திட்டல" என்று என்னிடம் குழந்தை மாதிரி சொன்னார்.

முட்டுக்கட்டை போட்டது மாமா. என் மாமனார் ஆரோக்கியசாமி, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிப்காட்டுக்குப் பக்கத்தில் குடிகாட்டில் வீட்டை ஒட்டி அவருக்கு ஒரு மனை இருக்கிறது. பிரான்சிஸ் லாரி நிறுத்த வேறு இடம் கிடையாது. மாமா டார்ச் லைட் வாங்கினாலும் பின்பக்கம் திருப்பி எங்கே செய்தது என்று படித்துவிட்டுத்தான் காசை எடுப்பார். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நம்ம ஊரு கம்பெனி வண்டின்னா என் மனையில நிக்கட்டும். வெள்ளக்காரன் வண்டி உள்ள வரக்கூடாது."

அந்தக் கம்பெனி வெள்ளைக்காரனுடையதே இல்லை, வேறு தேசம். அதைச் சொன்னால் எடுபடவில்லை. திங்கட்கிழமைக்குள் டீலரிடம் எந்த வண்டி என்று சொல்லியாக வேண்டும். அப்பா பேச்சை மீறவும் மச்சானுக்கு மனசில்லை, அந்த சீட்டை விடவும் மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால்கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

நான்தான் வாயைக் கொடுத்தேன். "மாமா, உள்ளூர் வண்டி முழுக்க உள்ளூரா, வெளிநாட்டு வண்டி முழுக்க வெளிநாடான்னு யாருக்குத் தெரியும்? அடியில படுத்துப் பாத்துடலாமே" என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். "கண்ணால பாத்தா ஒத்துக்கறேன். எதுல நம்ம சாமான் ஜாஸ்தியோ அத வாங்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஷோரூமில் அடியில் படுக்க விட மாட்டார்கள். அதற்காகத்தான் சிதம்பரம் பைபாஸில் இருக்கும் பஷீர் பாயின் பாடி பட்டறை.

தெரியாதவர்களுக்கு: கம்பெனியிலிருந்து லாரி பெரும்பாலும் கேபினும் சக்கரமும் இரும்புச் சட்டமுமாக மொட்டையாகத்தான் வரும். அதைத்தான் சேசிஸ் என்பார்கள். சரக்கு ஏற்றுகிற பெட்டியை இந்த மாதிரிப் பட்டறைகளில் கட்டுவார்கள். பாடி கட்டுவதற்கு முன் போனால் வண்டியின் எலும்பு, நரம்பு எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். பஷீர் பாய் மச்சானுக்குப் பழக்கம். அவர் பட்டறையில் அன்று இரண்டு பிராண்டு சேசிஸும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதாகப் போனில் சொல்லியிருந்தார்.

அன்று காலை 6.10-க்கு வழக்கம்போல ஸ்டெல்லாவை மஞ்சக்குப்பத்தில் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். புதுச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு எட்டு வருஷமாக வேலை. சனிக்கிழமையும் ஷிப்ட் உண்டு. டிபன் பையை வாங்கும்போது அவள் விரல் நகத்தில் மஞ்சள் பெயிண்ட். "என்ன, இன்னிக்கும் மஞ்சள் பூசிக்கிட்டுக் கெளம்பிட்டியா?" என்று கிண்டல் செய்தேன். தினமும் செய்கிற அதே கிண்டல்தான். "நீங்க போயி லாரிய எண்ணுங்க, போங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

எனக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் 8.20-க்கு பஸ். சிதம்பரத்துக்கு நாற்பது ரூபாய், ஏறக்குறைய 45 கிலோமீட்டர். சிப்காட் நிறுத்தத்தில் மாமாவும் மச்சானும் ஏறினார்கள். அவர்களுக்கு ஆளுக்கு முப்பத்திரண்டு. மாமா கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே டார்ச், இரும்பு பிரஷ், பழைய துணி, ஒரு டைரி. டைரியில் இரண்டு பக்கமும் கோடு போட்டு "நம்மது", "வெளியது" என்று எழுதி ரெடியாக வைத்திருந்தார். கண் ஆபரேஷனுக்கு முந்தின நாள்கூட அவர் இவ்வளவு தயாராக இருந்ததில்லை.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போகிற சாலை. காலை பஸ்ஸில் இடதுபக்க ஜன்னல் வேண்டாம், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். வலதுபக்கம் உட்காருங்கள். புதிய சாலை வந்தபிறகு பயணம் சுகமாகிவிட்டது. தூக்கம்தான் வரும். அப்பாவும் பிள்ளையும் ஒரே சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எதிரே லாரி வந்தால் இரண்டு பேர் தலையும் ஒன்றாகத் திரும்பும். பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது மச்சான் மெதுவாக என் காதில், "மச்சான், கணக்கு தப்பாப் போச்சுன்னா இன்னும் பத்து வருஷம் எவன் வண்டியவாவது ஓட்டிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான். புடிக்காத வண்டிய வாங்கி இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு ஓட்ட முடியாது" என்றார். நான் ஆரம்பித்துவைத்தது விளையாட்டில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

9.35-க்கு இறங்கி, பைபாஸுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். பஷீர் பாய் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும், எதற்கெடுத்தாலும் சிரிப்பார். விஷயத்தைக் கேட்டதும் அரை நிமிஷம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, முப்பது வருஷமா பாடி கட்டறேன். வண்டிக்கு ஜாதகம் பாக்க வந்த மொத ஆளு நீங்கதான். ரெண்டு ஓனருகிட்டயும் சொல்லிட்டேன், தாராளமாப் படுங்க. சட்ட அழுக்காவும், அதுக்கு நான் பொறுப்பில்ல."

இரண்டு சேசிஸும் வேப்பமரத்துக்குக் கீழே நின்றன. ஒன்று உள்ளூர் பிராண்டு, ஒன்று வெளிநாட்டு பிராண்டு. பெயர் போடப்போவதில்லை. போட்டால் கமெண்டில் அடித்துக்கொள்வீர்கள், எனக்கு அந்தத் தலைவலி வேண்டாம். மாமா சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, எழுபது வயதில், ஒரு கோணியை விரித்து உள்ளூர் வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். அவர் டார்ச் அடித்துப் படிக்க, நான் டைரியில் எழுத வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முதல் பத்து நிமிஷம் மாமாவுக்குத் திருவிழா. "டயரு நம்மது. பேட்டரி நம்மது. பட்டை ஸ்பிரிங்கு நம்மது, எழுதிக்கோ மாப்ள!" என்று அடியிலிருந்து சத்தம். பிறகு கியர்பாக்ஸ் பக்கம் போனார். சத்தம் நின்றுவிட்டது. துணியால் துடைக்கிற ஓசை மட்டும் வந்தது. "என்னா மாமா?" என்றேன். "இரு, இரு. ஏதோ வெளிநாட்டுப் பேரு போட்டிருக்கான்" என்றார். பஷீர் பாய் குனிந்து, "அண்ணே, பேருதான் அது. செய்யறது வடக்க நம்ம நாட்டுலதான்" என்றார். இதை எந்தப் பக்கம் எழுதுவது? கால் மணி நேரம் சண்டை. கடைசியில், எங்கே செய்தானோ அந்த ஊர்தான் கணக்கு, பேர் கணக்கில்லை என்று முடிவாயிற்று. முடிவு செய்தது மாமாவேதான். அது தனக்கே ஆப்பாக வரும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

ஏனென்றால், அந்த விதியோடு வெளிநாட்டு வண்டிக்கு அடியில் போனால் அங்கேயும் அதே கதை. டயர் நம்மது. பேட்டரி நம்மது. ஸ்பிரிங்கு அதே கம்பெனி, அதே லேபிள். கண்ணாடி நம்ம ஊர்ப் பக்கம். கேபின் தகடு அடித்ததும் இங்கேதான் என்று பஷீர் பாய் சொன்னார். இஞ்சினுக்கு மூளை மாதிரி இருக்கிற கறுப்புப் பெட்டி இரண்டு வண்டியிலுமே வெளியூர்ச் சரக்கு. மாமா வெளியே வந்து டைரியை வாங்கி எண்ணினார். லேபிள் படிக்க முடிந்தவரையில் உள்ளூர் வண்டியில் நம்மது பதிமூன்று, வெளியது ஐந்து, எழுத்து தெரியாத சாமான் ஒன்று. வெளிநாட்டு வண்டியில் நம்மது பதினான்கு, வெளியது ஐந்து.

மச்சான் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. மாமா விடுவாரா? "அந்த எழுத்து தெரியாததும் நம்மதாதான் இருக்கும். அப்ப சரிக்குச் சரி" என்று சொல்லி, இரும்பு பிரஷை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். இரண்டு நிமிஷம் கரகரவென்று தேய்த்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அழுக்கு போன இடத்தில் ஒரு அம்புக்குறியும், 'இந்தப் பக்கம் மேலே' என்று இங்கிலீஷிலும் இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. பஷீர் பாய் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கா பறந்துவிட்டது.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாமான விடுங்க பாய். லாபம் எங்க போவுது? அதச் சொல்லுங்க" என்றார். கேள்வி சரியான கேள்விதான். பஷீர் பாய் கொஞ்சம் யோசித்தார். "லாபம் எங்க போவுதுன்னு எனக்கு எங்கண்ணே தெரியும்? ரெண்டுலயும் வெளியூரு ஆளுங்க பங்கு வெச்சிருப்பாங்க போல. எனக்குத் தெரிஞ்சது கூலி. ரெண்டு வண்டிக்கும் பாடி கட்டி நான்தான் கூலி வாங்கறேன், அஞ்சு பேருக்குக் குடுக்கறேன்" என்றார். "அது சரி, ஆனா..." என்று மாமா இழுத்தார். மச்சான் வெளிநாட்டு வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சாமான் கணக்கில் ஜெயித்தாலும் அப்பா மனசு மாறவில்லை என்றால் அந்த மனைக்குள் வண்டி எப்படி நுழையும்? அது அவருக்குத் தெரியும்.

மணி 11.10. சரி, நானும் ஒருமுறை படுத்துப் பார்த்துவிடலாம் என்று வெளிநாட்டு வண்டிக்கு அடியில் போனேன். லாரியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. டார்ச்சை அப்படியே ஓட்டிக்கொண்டு போனால், பின்சக்கரத்துக்கு முன்னால், காற்றுக் குழாய்கள் வந்து சேர்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அலுமினியச் சாமான், மாமா கண்ணில் படாமல் போனது. அதன் தலையில் ஒரு மஞ்சள் புள்ளி. பெயிண்ட்.

அந்த மஞ்சளைக் காலையில்தானே பார்த்தேன். லேபிளைத் துடைத்தேன். புதுச்சேரி. ஸ்டெல்லாவின் அடையாள அட்டையில் இருக்கிற அதே கம்பெனிப் பெயர். எங்கள் வீட்டில் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிற அட்டை.

"மாமா! இங்க வாங்க!" என்று கத்தினேன். நான் எழுந்த வேகத்தில் தலை சட்டத்தில் இடித்தது வேறு விஷயம். மாமாவும் மச்சானும் இரண்டு பக்கமிருந்தும் நுழைந்தார்கள். "இது என்னா சாமான்?" என்றேன். மச்சான் பார்த்தவுடனே, "பிரேக் வால்வு. மிதிச்சா பின்சக்கரத்துக்குக் காத்தத் தள்ளுறது இதான்" என்றார். ஒரு லாரிக்கு அடியில் நாங்கள் மூன்று பேரும் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்த்தோம்.

"பாப்பா இதையா செய்யுது?" என்றார் மாமா. ஸ்டெல்லாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

எனக்குத் தெரியவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எட்டு வருஷமாகத் தினமும் பஸ் ஏற்றிவிடுகிறேன். லாரிக்கு ஏதோ பார்ட்ஸ் என்று தெரியும். என்ன பார்ட்ஸ், எந்த லாரி, அவள் கையால் என்ன செய்கிறாள், ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, லாரி ஓட்டுகிற அண்ணனுக்கும் தெரியாது.

அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை 11.30-க்கு. அதுவரை போன் லாக்கரில் இருக்கும். இருபது நிமிஷம் காத்திருந்தோம். பஷீர் பாய் டீ சொன்னார், யாரும் குடிக்கவில்லை. சரியாக 11.32-க்கு எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங்க, எண்ணி முடிச்சாச்சா?"

"ஸ்டெல்லா, பிரேக் வால்வு மேல மஞ்சள் புள்ளி வெக்கறது யாரு?"

"நாங்கதான். டெஸ்ட்டு பாஸானா வெப்போம். காத்து ஒழுவலன்னா ஒரு புள்ளி. ஏன்?"

"நீ வெச்சதா, வேற ஆளு வெச்சதான்னு தெரியுமா?"

"புள்ளிக்குக் கீழ கோடு இருக்கும் பாருங்க. ஒரு கோடுன்னா நானு. ரெண்டு கோடுன்னா சுகந்தி."

மாமா அதற்குள் அடியில் போய்விட்டார். டார்ச் வெளிச்சம் ஆடியது. "ஒரு கோடு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிறகு தவழ்ந்தபடியே அடுத்த வண்டிக்கு அடியில் போனார். "இதுலயும் அதே வால்வுதான். ரெண்டு கோடு."

"அப்பா, நீங்களா? எல்லா கம்பெனிக்கும்தான் போவுது" என்றாள் ஸ்டெல்லா. "நம்ம ஊரு வண்டி, வெளிநாட்டு வண்டி, எல்லாத்துக்கும். ஒரு வாரமா வூட்டுல இந்தச் சண்டதான் போடுறீங்க. பக்கத்துலதான நின்னு சோறு போட்டேன்? ஒருத்தராவது என்னக் கேட்டீங்களா?"

மச்சான்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "யம்மா, பத்தொம்பது வருஷமா மலையெறக்கத்துல பிரேக்க மிதிக்கறேன். எத்தன வாட்டி நீ வெச்ச புள்ளிய நம்பி எறங்கினேனோ" என்று சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எட்டு வருஷமாத்தாண்ணே வெக்கறேன்" என்று சிரித்தாள். "மணியாச்சு, சாப்புடணும்" என்று வைத்துவிட்டாள்.

மாமா வெளியே வந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, டைரியை மூடி மஞ்சப்பையில் வைத்தார். மகனைப் பார்த்து, "எதுல உக்காந்தா ஒனக்கு இடுப்பு வலிக்கலையோ அத வாங்குடா" என்றார். ஒரு நிமிஷம் கழித்து, "அந்த சுகந்திப் பொண்ணு எந்த ஊரு?" என்று என்னிடம் கேட்டார். சுகந்தியின் ரெண்டு கோடு இருந்த உள்ளூர் வண்டியை விட அவருக்கு இன்னும் மனசில்லை!

அதற்குப் பிறகு பசி தெரிந்தது. மச்சான் அந்த சீட்டில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்ததும் ஊருக்குள் போனோம். கீழவீதிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும், மூன்று பேருக்கு 210 ரூபாய். கொத்சு இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள். மாமா மூன்றாம் முறையும் கேட்டார். கோயில் பார்க்க நினைப்பவர்கள் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்.

3.10-க்குத் திரும்பும் பஸ். மாமாவும் மச்சானும் சிப்காட்டுக்குத்தான் டிக்கெட் எடுத்தார்கள். நிறுத்தம் வந்ததும் மச்சான் இறங்கிவிட்டார், டீலருக்குப் போன் செய்ய வேண்டுமாம். மாமா இறங்கவில்லை. கண்டக்டர் வந்து கேட்டதற்கு, "கடலூருக்கு எவ்வளவு ஆவும்? குடு" என்று எட்டு ரூபாய் கொடுத்து இன்னொரு டிக்கெட் வாங்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

4.40-க்கு மஞ்சக்குப்பத்தில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஸ்டெல்லா இறங்கினாள். அப்பா அங்கே நிற்பதைப் பார்த்துப் பதறி, "என்னாச்சுப்பா?" என்றாள். மாமா அவள் கையைப் பிடித்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிள் படிக்கிற மாதிரியே பார்த்தார்.

"இது போவாதா?"

"தின்னர் போட்டாப் போவும்ப்பா. திங்கக்கெழம மறுபடி வந்துடும்."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

இனி இதே மாதிரிப் போக நினைப்பவர்களுக்கு. பாடி பட்டறைக்கு ஞாயிறு தவிர மற்ற நாட்களில், காலை பத்து மணிக்குள் போங்கள். முன்கூட்டியே போன் செய்து வண்டி ஓனரின் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சட்டை, டார்ச், ஒரு கோணி கட்டாயம். எழுந்திருக்கும்போது தலையைப் பார்த்து எழுந்திருங்கள், எனக்கு இன்னும் வீக்கம் இருக்கிறது. உள்ளூர் பிராண்டா வெளிநாட்டு பிராண்டா என்று கேட்டால், நாங்கள் பார்த்த இரண்டு வண்டியில் பெரிய வித்தியாசம் முன்னால் ஒட்டியிருந்த பெயர்தான். லாபக் கணக்கு என்னால் படுத்துப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை. ஸ்பேர் எந்த ஊரில் சீக்கிரம் கிடைக்கும், சீட்டு உங்கள் முதுகுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எனக்குப் போக வர பஸ் மட்டும் எண்பது ரூபாய் ஆயிற்று. பஸ் ஏறுவதற்கு முன்னால் நீங்கள் ஒன்று செய்யலாம், செலவே இல்லை. வீட்டில் தினமும் வேலைக்குப் போய் வருகிறவரிடம், அங்கே கையால் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் இந்தத் திங்கட்கிழமை கேட்டேன். பஸ் வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் அவள் சொல்லி முடிக்கவில்லை.